முயலைச் சுற்றியிருந்த துணி

இன்று காலை புடவை எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். மஞ்சள் வாசம் வந்தது. அடியில் மடித்து வைத்திருக்கும் உன் கறுப்புத் துணியிலிருந்துதான். பெட்டியை மூடிவிட்டு, நேற்றுக் கட்டிய புடவையோடே பாடம் நடத்தப் போனேன். அழுகை வரவில்லை. நீ போனதிலிருந்தே வரவில்லை. வேலை நடக்கிறது. சோறு இறங்குகிறது. டிராமில் யாராவது இடம் கொடுத்தால் உட்காருகிறேன். உனக்கு எழுதினால் உள்ளே ஏதாவது அசையுமா என்று பார்க்கிறேன்.

நாம் பி.ஏ. முடித்த கோடை அது. பர்மாவுக்கு வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரின் மகள் நான். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். வேலை கேட்க ஒரு வாசலில் போய் நிற்கக்கூட எனக்குத் துணிவில்லை. நீ லான்மடாவில் எங்கள் வீட்டு மாடிப்படியின் கீழே நின்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாய்.

"ஏய், மா பி.ஏ.! இறங்கி வாடி. வேலை கெடச்சிருக்கு. பழந்துணி தைக்கணுமாம்."

பர்மியப் பெண்களின் பெயருக்கு முன்னால் வரும் 'மா'வை என் பட்டத்துக்கு முன்னால் வைத்தவள் நீ. அப்பா ரயில்வேத் தமிழர், அம்மா பர்மியப் பெண். தாமுவேயில் இருந்த உன் வீட்டில் இரண்டு மொழியும் ஒரே வாக்கியத்தில் ஓடும்.

வேலை ஓர் அர்மீனிய வியாபாரியின் விதவை வீட்டில். அவர் கணவர் எகிப்தில் வாங்கி வந்த துணித் துண்டுகளை அட்டைகளில் தைத்துக் கொடுக்க வேண்டும். சீமைக்கு விற்கப் போகிறாராம். பைசாந்தியப் பேரரசின் காலத்தவை, ஆயிரம் வருஷத்துக்கு மேலாக மணலுக்குள் கிடந்தவை என்றார். ரசகற்பூர வாசம் அடிக்கும் அந்த அறையில், உள்ளங்கை அகலத்தில் வட்டங்களும் பட்டைகளும் மேசையெங்கும் கிடந்தன. கருநீலக் கம்பளி நூலில் ஒரு முயல் திராட்சைக் கொத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. பெரிய கண்களோடு ஒருத்தி ஆடிக்கொண்டிருந்தாள். எதுவும் ஊசியால் போட்ட பூ வேலையில்லை. துணியோடு துணியாக நெய்தது.

நீ முயலைத் திருப்பிப் பார்த்தாய்.

"அமலே, அம்மாடி! எங்கம்மா கட்டுற அலையலையான அச்செய்க் பட்டு மாதிரியே இருக்குடி. நெறம் எங்க வேணுமோ அங்க மட்டும் நூல் போயிட்டுத் திரும்பி வருது பாரு."

"அவங்க எந்தக் காலம், உங்கம்மா எந்தக் காலம்?"

"நூலுக்கு அதெல்லாம் தெரியுமா?"

பிறகு நீ சிரிக்காமல் துண்டுகளின் ஓரங்களைத் தடவினாய். எல்லா ஓரமும் கத்தரியால் வெட்டியது. இறந்தவர்களோடு புதைத்த அங்கிகள் அவை. தோண்டி எடுத்தவர்கள் வேலைப்பாட்டை மட்டும் வெட்டி விற்றுவிட்டு, வெறும் துணியை எறிந்திருந்தார்கள்.

"ஆளு இருந்த எடத்தத் தூக்கிப் போட்டுட்டு, முயல மட்டும் வெச்சிருக்காங்க" என்றாய்.

ஒன்று மட்டும் தப்பியிருந்தது. சின்னச் சட்டைக் கை. விளிம்பில் நெய்த பட்டை, மேலே வெறும் நார்த்துணி. நீ இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்து உடனே எடுத்துவிட்டாய்.

அதைத் தைக்க நான் வீட்டுக்குக் கொண்டுபோனதுதான் வினை.

"எங்கேருந்துடி இது?" என்றாள் அம்மா. சொன்னேன்.

"செத்தவங்க துணியையா வீட்டுக்குள்ள கொண்டாற?"

"அது எந்தக் காலத்திலயோ செத்த குழந்தைம்மா."

"எப்பச் செத்தா என்ன? செத்ததுதானே."

நான் வாய் திறப்பதற்குள் மஞ்சள் தண்ணீரைத் தெளித்து, அதைப் படிக்கட்டுக்கு வெளியே வைத்துவிட்டாள். நார்த்துணியில் மஞ்சள் திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் அந்த அர்மீனிய அம்மாளிடம் கறையைக் காட்டினேன். நீதான் பேசினாய். "இவ அம்மா செஞ்சது, மேடம். செத்துப்போன குழந்தையோடதுன்னு கேட்டதும் மனசு கேக்கல. எங்க ஜனங்க அப்படித்தான்." அவர் அந்தச் சட்டைக் கையை வாங்கி, மஞ்சள் திட்டுகளை விரலால் தடவினார். பிறகு, "இதை விற்கவில்லை. அப்படியே தைத்து என் அறையில் மாட்டுங்கள்" என்றார். தெருவுக்கு வந்ததும் நீ என் தோளில் குத்தினாய். "உங்கம்மாவால ஒண்ணாவது சீமைக்குப் போகாமத் தப்பிச்சுதுடி."

இந்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நான் கேள்விப்பட்டுத் தாமுவேக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

சில நாள் கழித்துப் போனபோது உன் அம்மா தரையில் உட்கார்ந்து, நீ இடுப்பில் கட்டும் அச்செய்க் தமெயினைப் பிரித்துக்கொண்டிருந்தார். பட்டமளிப்பு அன்று நீ கட்டியிருந்த அதே ரோஜா நிறப் பட்டு. புத்த மடத்துக்கு, ஏட்டுச் சுவடிகளைச் சுற்றிவைக்கக் கொடுக்கப் போகிறாராம். சுவடிக்குப் பட்டு மட்டும் போதும். இடுப்பில் சுற்றிச் செருகுவதற்காக மேலே தைத்திருந்த கறுப்புப் பருத்திப் பட்டையைப் பிரித்து ஒதுக்கிவிட்டார். அலையலையான நெசவிலிருந்து ஒரு சாண் கத்தரிக்கப் போனார்.

"நீ வெச்சிக்கோ, மகளே. நல்ல எடமாப் பாத்து வெட்டித் தர்றேன்."

நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. அது உனக்குத் தெரியும். அன்று கேட்டேன்.

"வெட்டாதீங்கம்மா. எனக்கு அந்தக் கறுப்பு போதும்."

"இதுவா? இதுல ஒண்ணுமே இல்லையே" என்றார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, சுருட்டிக் கையில் கொடுத்தார்.

எங்கள் வீட்டுப் படியில் என் அம்மா மஞ்சள் தண்ணீரோடு நின்றாள். என் தலையில் தெளித்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"அந்தப் புள்ளையோடதா?"

"ஆமா."

நீ அரைத்துப் பூசிக்கொள்ளும் தனக்கா மரப்பட்டையின் வாசம் அதில் இன்னும் இருந்தது. அலசாதே என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. செம்பில் முக்கி, பிழிந்து, உதறினாள். படிக்கட்டுக்கு வெளியேதான் போடுவாள் என்று காத்திருந்தேன். உள்ளே எடுத்துப்போய்க் கொடியில் தன் புடவைக்குப் பக்கத்தில் விரித்தாள். காய்ந்ததும் மடித்து, என் பெட்டியில் அவளே வைத்தாள்.

"கறுப்புல கறை தெரியாது" என்றாள்.

தெரியவில்லை. வாசம்தான் மாறிவிட்டது. ஆனால் பட்டையின் ஒரு முனையில், இடது பக்கம் நீ எப்போதும் இழுத்துச் செருகும் இடத்தில், துணி கசங்கி நூல் நைந்திருக்கிறது. அலசியும் அந்தச் சுருக்கம் விரியவில்லை. இப்போது பெட்டியைத் திறந்து, இரண்டு விரலால் அங்கே தொட்டுப் பார்த்துவிட்டு, அப்படியே மடித்து வைக்கிறேன்.