சுவரைத் தொட்டு நடக்கிறவர்கள்

அன்புள்ள நெட்டைக்கு,

மருந்துக்கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்குவது முறை. அந்த வரியை இந்தத் தடவை கொஞ்சம் தள்ளிவைக்கிறேன். வாராவாரம் போனில் பேசுகிறவள் இதென்ன புதிதாகக் கடிதம் என்று நீ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு யோசிப்பாய். காரணம் இருக்கிறது, வரிசைப்படி சொல்கிறேன். நடுவில் தாண்டிப் படிக்காதே. உன் புத்தி எனக்குத் தெரியும்.

முதலில் சில்லறைச் செய்திகள். உன் மாடியறை ஜன்னல் கொக்கியைச் சரிசெய்தாகிவிட்டது. நீ விட்டுப்போன செடிகளில் இரண்டு பிழைத்தன, மற்றவற்றைப் பற்றிக் கேட்காதே. உன் அண்ணன் அச்சகத்துக்கு ஒழுங்காகப் போய்வருகிறார். மெய்ப்புத் திருத்துவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று முதலாளி பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். போன மாதம் ஓர் அகராதி வந்ததாம். எல்லாம் எறும்பெழுத்து. ஒரு பிழைகூடத் தப்பவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்.

நீ வேலைக்கு வெளியூர் போன பிறகும், பழைய கட்டிடம் பார்க்கும் நம் ஞாயிற்றுக்கிழமை நடை நிற்கவில்லை. நான்கு பேர் மூன்று பேரானோம், உன் அண்ணன், வக்கீல், நான், அவ்வளவுதான். வக்கீல் மாறவே இல்லை. ஒரு சந்துக்குள் நுழையலாமா வேண்டாமா என்று இரண்டு தரப்பு வாதத்தையும் அவரே பேசி, தீர்ப்பையும் அவரே சொல்லிவிட்டுத்தான் காலை எடுத்துவைக்கிறார். பழைய சுங்க அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு சந்து கண்டுபிடித்தோம். குடை விரிக்க அகலம் போதாது. மழை பிடித்துக்கொண்டபோது மூன்று பேரும் மடக்கிய குடையோடு நனைந்துகொண்டு நின்றோம். அந்தச் சந்தின் கோடியில் ஒரு முற்றம், முற்றத்தில் ஓர் இரும்புச் சுழல்படி. அது போய்ச் சேரவேண்டிய அறை எப்போதோ இடிந்துவிட்டது. ஏறினால் மேலே ஒன்றும் இல்லை, வானம்தான். வக்கீல் ஏறிப் பார்த்துவிட்டு, மாடி இல்லையென்றாலும் படிக்கு அனுபவ பாத்தியதை உண்டு என்றார். நீ இருந்திருந்தால் அவரை அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பாய்.

இனி சுவர் விஷயம். நீ கிளம்பிப் போன சில வாரங்களில் உன் அண்ணன் ஒரு புதுப் பழக்கம் கொண்டுவந்தார். சந்துக்குள் நுழைந்ததும் இடது கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, விரல் தேயத் தேய நடப்பார். எதற்கு என்று கேட்டேன். “பழைய சுண்ணாம்புப் பூச்சு, தொட்டாத்தான் தெரியும். கண்ணால பாத்தா எல்லாம் ஒரே வெள்ளைதான்” என்றார். கேட்க நன்றாக இருந்தது, நாங்களும் தொட ஆரம்பித்தோம். வக்கீலோ அதைச் சட்டமாக்கிவிட்டார். கை படாத கட்டிடம் பார்த்த கணக்கில் சேராது என்பது இப்போது எங்கள் விதி. மூன்று பெரிய மனிதர்கள் வரிசையாகச் சுவரைத் தடவிக்கொண்டு போவதை நினைத்துப் பார். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எட்டிப் பார்த்து, “சுவரு நல்லாத்தான் நிக்குது, நீங்க தாங்கிப் புடிக்க வேணாம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கேலி ஒருபுறம் இருக்கட்டும், எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. எந்த இடத்தில் செங்கல் முடிந்து கல் தொடங்குகிறது என்று விரலே சொல்கிறது. சுவர் வெதுவெதுப்பாக இருந்தால் அந்தப் பக்கம் அடுப்பு எரிகிறது. அறிவாளிகள்போல் அதைப் பற்றிப் பேசிக்கொண்டும் இருந்தோம்.

அதே சமயம் அவர் இடித்துக்கொள்வதும் அதிகமாயிற்று. விளக்குக் கம்பம், வாசலில் வைத்த வாளி, ஒருமுறை தூங்கிக்கொண்டிருந்த நாய். கட்டிடத்தைப் பார்த்து நடக்கிறவர் நாலு இடத்தில் முட்டிக்கொள்ளத்தான் செய்வார் என்று வக்கீல் விளக்கம் சொன்னார். முட்டல் திலகம் என்று பட்டமும் கொடுத்தோம். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

போன மாதம் பழைய தானியச் சந்தைக்குப் போனோம். நுழைவு வளைவின் உச்சிக்கல்லில் ஏதோ பொடியாகச் செதுக்கியிருந்தது. வக்கீல் கண்ணாடியைப் போட்டும் கழற்றியும் பார்த்தார், எனக்கும் பிடிபடவில்லை. உன் அண்ணன் அண்ணாந்து பார்த்து, கட்டிய வருஷத்தையும் கொத்தனின் பெயரையும் ஒரே மூச்சில் வாசித்தார். வாசித்து முடித்த கையோடு முகத்தைத் திருப்பாமலே இடப்பக்கமாக அடியெடுத்து வைத்தார். அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் ஆளுயரக் கண்ணாடிப் பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு, வழி வழி என்று கத்திக்கொண்டே வந்துகொண்டிருந்தார்கள். அவர் அதற்குள்ளேயே நடந்து போகிறவர்போலப் போனார். முன்னால் வந்தவன் கடைசி நொடியில் வளைத்துத் திருப்பினான். சட்டைக் கை கிழிந்ததோடு போயிற்று.

கண்ணு தெரியலையா என்று அவன் திட்டினான். உன் அண்ணன் நிதானமாக, “ஆமாங்க, இந்தப் பக்கம் தெரியல” என்றார். வக்கீல் வெடித்துச் சிரித்தார். கண்ணாடிக்காரனும் கோபம் போய்ச் சிரித்தான். நானும்தான்.

கிழிந்த சட்டைக் கைக்கு ஊக்கு குத்தலாம் என்று அவர் பையைத் திறந்தபோது சின்னக் குப்பி ஒன்று விழுந்து உருண்டது. மஞ்சள் மூடி. அவருடைய இடது செருப்பை ஒட்டிக் கிடந்தது. அவர் தேடினார். தலையை முழுதாக அங்கும் இங்கும் திருப்பித் திருப்பித் தேடினார். காலடியில் கிடப்பது தெரியவில்லை. நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். அதன் பெயரைப் படிக்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறவர்கள் ஆயுள் முழுக்கப் போட்டுக்கொள்ளும் சொட்டு மருந்து. இத்தனை வருஷமாக நான் விற்கிற சரக்கு. என் கடைக்கு எதிர்வீட்டில் குடியிருக்கிறவர் அதை நகரத்தின் மறுகோடிக்குப் போய் வாங்கிக்கொண்டிருக்கிறார். எனக்குப் பயமாக இருந்தது, நெட்டை. மருந்து விற்கிறவளுக்கு மருந்தைப் பார்த்துப் பயம் வரக்கூடாது, வந்தது.

கண்ணாடிப் பலகையைத் தெருவில் தூக்கிப்போவதன் சட்டப் பொறுப்பு பற்றி வக்கீல் அந்த இரண்டு பேருக்கும் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் சந்தைப் படிக்கட்டில் உட்கார்ந்தோம். கேட்டேன், மறைக்காமல் சொன்னார். இடது ஓரம் போய்விட்டது. வலது ஓரமும் மங்கத் தொடங்கியிருக்கிறது. நேராகப் பார்த்தால் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது, அதனால்தான் அச்சகத்தில் யாருக்கும் தெரியவில்லை. சொட்டு மருந்து போதவில்லை, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர். போனது திரும்பாது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். தள்ளிப்போட்டால் நேராகத் தெரிவதும் போய்விடும். டாக்டர் இரண்டு தடவை நாள் குறித்தார், இரண்டையும் இவர் தள்ளிவைத்துவிட்டார். உன்னுடைய இரண்டு வருஷக் கல்லூரி வேலை முடியட்டுமாம்.

நான் சத்தம் போட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அவ இப்பத்தான் முதல் தடவையா தனக்குன்னு ஒரு ஊருக்குப் போயிருக்கா. அம்மாவுக்கு மருந்து குடுத்தா, அப்புறம் எனக்குச் சோறு போட்டா. இதச் சொன்னா பெட்டியக் கட்டிக்கிட்டு வந்துடுவா. வந்தா திரும்பப் போகமாட்டா.” அவர் சொன்னது சரி, நீ அப்படிப்பட்டவள்தான். போனில் உன்னிடம் வாயைத் திறக்கக்கூடாது என்று கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்.

மறுநாள் வக்கீலிடம் போனேன், யாரோ ஒரு கட்சிக்காரர் கதைபோல எடுத்துச் சொன்னேன். அவர் சத்தியத்தின் வாசகத்தைக் கேட்டார். “போன்னு மட்டும்தானே சொன்னாரு? அப்ப கடுதாசி எழுது” என்றார். கட்சிக்காரர் யார் என்று கேட்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “அன்னிக்கு முதல்ல சிரிச்சது நான்தானே” என்றார். அந்த மனிதர் அவ்வளவு குறைவாகப் பேசி நான் பார்த்ததில்லை.

ஒரு விஷயம் இப்போதுதான் எனக்குப் புரிந்தது. நடைகளில் நீ எப்போதும் அவருக்கு இடப்பக்கம் வருவாய். முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவாய், கதைக்கு நடுவே படி, பள்ளம், சைக்கிள் என்று சொல்லிக்கொண்டே வருவாய். உன் வாய் ஓயாது என்று நாங்கள் கிண்டல் செய்வோம். நீ போனதும் அந்தப் பக்கம் காலியாயிற்று. உன் இடத்தில் அவர் சுவரை வைத்துக்கொண்டார். அதைப் போய் நாங்கள் கட்டிடக்கலை என்று நினைத்தோம்.

இதைப் படித்துவிட்டு உன்னை நீயே நொந்துகொள்ளாதே. நீ பக்கத்தில் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும், அவ்வளவுதான். இப்போது வக்கீலும் நானும் முறைவைத்து இடப்பக்கம் நடக்கிறோம். எங்களுக்கு உன்னைப்போல் பேச வரவில்லை. நான் ஒவ்வொரு கல்லையும் முறைத்துப் பார்த்துக்கொண்டு வருகிறேன். போன ஞாயிறு அவர், சுவரே தேவலை, அது என்னைப் பரிதாபமாகப் பார்க்காது என்றார்.

உன் இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணின் ஓரங்களில் வைத்து மறைத்துக்கொண்டு உன் அறைக்குள் கொஞ்சம் நடந்து பார். நான் கடைக்குள் நடந்து பார்த்தேன். அதற்கு மேல் இதை விளக்க எனக்குத் தெரியவில்லை.

இனி வேலையைச் சொல்கிறேன். அவருக்குப் போன் செய்து கத்தாதே. உன் கல்லூரி விடுமுறை தொடங்கும் வாரத்தில் வக்கீல் டாக்டரிடம் பேசி ஒரு நாளைப் பிடித்துவைத்திருக்கிறார். உன் அண்ணனுக்கு இது தெரியாது. ஆஸ்பத்திரியில் உடன் இருக்க நான் போதும், சண்டை போட வக்கீல் இருக்கிறார். சம்மதிக்க வைக்க மட்டும் நீ வேண்டும். வர ஒன்று, போக ஒன்று, இரண்டு டிக்கெட்டையும் சேர்த்தே எடு. வந்ததும் முதலில் திரும்பும் டிக்கெட்டை அவர் கையில் கொடு. தேதியை அவரே வாசிக்கட்டும், பொடி எழுத்தெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும். நீ திரும்பிப் போவாய் என்று நம்பினால்தான் அந்த மனிதர் ஆபரேஷன் மேஜையில் படுப்பார். அதனால் வா, வந்துவிட்டுப் போ.

தள்ளிவைத்த அந்த முதல் வரியை எழுத இந்தத் தாளில் இடம் இருக்கிறது, மனசு வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, நல்லபடியாக வந்து சேர். உன்னை அழைத்துவர அவரையும் கூட்டிக்கொண்டு நாங்கள் வருவோம். கூட்டத்தில் அவரைக் கண்டதும் பழக்கத்தில் இடப்பக்கமாக ஓடிப்போய் முழங்கையைப் பிடிக்காதே. நேர் எதிரே வந்து நில். கொஞ்ச நேரம் அப்படியே நில்.

இப்படிக்கு,
உன் மருந்துக்கடைக்காரி