ஊட்டிக்கு லாரி போன ஞாயிறு

அக்கா,

இன்று லீவு நாள். பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் ரொட்டி சுடுகிறார்கள். தேங்காய்ப்பூ கல்லில் பட்டுக் கருகத் தொடங்கும் அந்த வாசனை வந்ததும், துணி துவைக்க எடுத்த வாளியை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போன பிறகு மூக்குக்கு எட்டிய முதல் ரொட்டி வாசனை இது.

மண்டபம் முகாமிலிருந்து எங்கள் எஸ்டேட்டுக்கு வந்து இறங்கியபோது நீங்கள், உங்கள் வீட்டுக்காரர், மகள், மகன், நாலு பேர். எங்கள் லைன் வீடுகளில் எல்லோரும் 'சிலோன்காரங்க' என்று சற்றுத் தள்ளியே நின்றோம். நீங்கள்தான் முதல் ஞாயிறே ஒரு தட்டு ரொட்டியோடு என் வாசலில் வந்து நின்றீர்கள். "சாப்பிடு தங்கச்சி, சம்பல்ல காரம் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றீர்கள். அந்தக் காரத்தில் கண்ணில் நீர் வந்ததும், இருவரும் சிரித்ததும், அதன்பின் உங்களை அக்கா என்றே அழைக்கத் தொடங்கியதும் நினைவிருக்கிறது.

உங்கள் அம்மாவுக்கு மட்டும் சிலோனில் இந்தியா வருவதற்கான பேப்பர் கிடைக்கவில்லை. "அடுத்த கப்பல்ல வந்துரும்" என்பீர்கள். குளிர் தாங்காது என்று அவருக்காக ஒரு கம்பளிகூட வாங்கி வைத்தீர்கள்.

அந்த ஞாயிறு, தேயிலைக் கொழுந்து ஏற்றும் லாரியை மேனேஜர் எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். லைன் முழுக்க ஊட்டிக்குக் கிளம்பியது. என் புளிச்சோறும் உங்கள் ரொட்டியும் லாரியிலேயே பாதி தீர்ந்துவிட்டன. ஏரிக்கரையில் இறக்கிவிட்டு, "சாயங்காலம் வர்றேனுங்க" என்று டிரைவர் மார்க்கெட் பக்கம் போய்விட்டார். பிள்ளைகள் புல்லில் உருண்டார்கள். ஆண்கள் ஒரு பந்தைத் துரத்தினார்கள். நாம் இருவரும் காலை நீட்டி வெயிலில் உட்கார்ந்தோம்.

அப்போதுதான் ஒரு வயதான தம்பதி நின்று உங்களையே பார்த்தார்கள். சிலோனில் உங்கள் பழைய தோட்டத்தில் வேலை செய்தவர்கள். புதிதாகக் கப்பலேறி வந்து பிக்கட்டிப் பக்கம் வேலையில் இருந்தார்கள்.

"நம்ம மேல் டிவிசன் பிள்ளைதானே நீ?" என்று அந்த அம்மா உங்கள் கையைப் பிடித்தார். "உங்கம்மா மோசம் போயிட்டாங்களே, தாயி. கடுதாசி போட்டோமே, வரலியா?"

எனக்கு அந்தப் பேச்சு புரியவில்லை. யாரோ கிழவியை ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, "யாருங்க்கா மோசம் பண்ணுனது? போலீசுல சொல்லலாமுங்க்கா" என்றேன். நீங்கள் என் பக்கம் திரும்பி, மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல், "செத்துப் போச்சு தங்கச்சி. எங்கம்மா செத்துப் போச்சு" என்றீர்கள்.

கடிதம் முகாமுக்குப் போயிருக்க வேண்டும். அம்மாவைப் புதைத்து மூன்று மாதமாகியிருந்தது. உங்கள் வீட்டுக்காரர் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். லாரி இல்லை. கடல் தாண்டி ஓடவும் வழியில்லை. வாய்விட்டு அழ அந்த ஏரிக்கரையில் ஒரு மறைவு கூட இல்லை. நான் உங்கள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் முடிந்தது.

"பிள்ளைகளுக்கு இப்ப சொல்ல வேணாம்" என்றீர்கள். "அம்மாயி எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே கெடக்குதுக. இன்னைக்கு ஒரு நாளு வெளையாடட்டும்."

உங்கள் மகள் ஓடிவந்து போட்டில் ஏற வேண்டும் என்று சேலையைப் பிடித்து இழுத்தாள். நீங்கள் எழுந்தீர்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் ஏறினீர்கள். இரண்டு பிள்ளைகளையும் இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு, அவர்கள் சிரித்தபோதெல்லாம் நீங்களும் சிரித்தீர்கள். கரையில் நின்று என்னால் அதைப் பார்க்க முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

லைனுக்குத் திரும்பி, பிள்ளைகள் தூங்கியதும், வீட்டுக்குப் பின்னால் பச்சைத் தண்ணீரைக் குடம் குடமாகத் தலையில் ஊற்றிக்கொண்டீர்கள். நான் அரிக்கேனைப் பிடித்து நின்றேன். பிள்ளைகளிடம் சில நாள் கழித்து, இப்போதுதான் செய்தி வந்தது என்று சொன்னீர்கள். கடைசிவரை அப்படியே விட்டுவிட்டீர்கள்.

உங்கள் காரியத்தன்று மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். "எங்கம்மா என்ன சொகத்தக் கண்டுச்சு சித்தி? ஊட்டிக்குப் போன அன்னைக்கு மட்டுந்தான். போட்டுல எங்கள அணைச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சிரிச்சுச்சே. அத நெனச்சுத்தான் மனசத் தேத்திக்கிறேன்" என்றாள்.

உங்கள் வீட்டுக்காரரும் இல்லை. அந்தக் கண்ணீர் எதனால் என்று தெரிந்தவள் இனி நான் ஒருத்திதான். நான் என்ன செய்ய, அக்கா? அவள் தலையைத் தடவி, "ஆமா கண்ணு, நானும் பாத்தேன்" என்றேன்.