வேல்ஸ் பட்டாளத்தை ஆறு கடத்தியவர்

தை 5, செவ்வாய்

காலையில் பனி. எதிர் வீட்டுக் கூரை தெரியவில்லை. பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி. மூன்றாம் வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களுக்கும் கரும்பு தின்று வாயெல்லாம் புண். தலைமையாசிரியை அம்மாள் மகள் சரோஜாவின் கல்யாண லீவை இப்போதே எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

சாயங்காலம் அவிநாசியிலிருந்து சம்பந்தி வந்தார். காபி ஆறும்வரை தறி, நூல் விலை, மழை. பிறகு மெதுவாக:

"தப்பா நெனைக்காதீங்கம்மிணி. பத்திரிகையில பொண்ணோட அப்பா பேருக்கு முன்னால என்னங்க போடறது? எங்க பங்காளிக கேக்கறாங்க."

காலஞ்சென்ற என்று போடுவதா, வேண்டாமா. அதைத்தான் கேட்கிறார். நான் வாயைத் திறக்குமுன் உள்ளேயிருந்து அத்தை:

"என்ற மகன் பேர அப்படியே போடுங்க. முன்னால ஒண்ணும் வேண்டாம்."

"சரிங்காத்தா" என்றார். என்னைப் பார்த்தார். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

இருபது வருஷமாக இதே பதில். பட்டாளத்துக்குப் போனவர் பர்மாவில் காணவில்லை என்று முதலில் தகவல். இறந்ததாகக் கருதுகிறோம் என்று பிறகு. அத்தை இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை. பென்ஷன் வந்தபோது, "ஆளு இல்லாமயா சம்பளம் வருது?" என்று கேட்டுத் தபால்காரரையே திணறவைத்தவள். கடைசியாக லீவில் வந்தபோது சரோஜா அப்பா சொன்னார், வேல்ஸ்காரர் பட்டாளம் ஒன்றோடு ஆறு கடக்கப் பழகுகிறோம் என்று. அத்தை காதில் விழுந்தது வேல் மட்டும். "வேல் பட்டாளம்னா முருகன் பட்டாளம். அதுல போனவனுக்கு என்ன வரும்?" தெருத் தெருவாகச் சொன்னாள். அவள் வாய்க்குப் பயந்து யாரும் என் தாலியைப் பற்றிப் பேசியதில்லை.

சரோஜாவுக்கு அப்போது மூன்று மாதம். இப்போது கல்யாணப் பெண்.

தை 7, வியாழன்

பாக்கி வேலை: சமையல்காரருக்குச் சொல்ல. சரோஜா ரவிக்கை இரண்டு. பாத்திரக்கடை. அத்தைக்குக் கண் மருந்து.

கொழுந்தன் சண்முகம் வேலை முடிந்து நேராக இங்கே வந்தான். அவன் பனியன் கம்பெனியில் மெக்கானிக். சீமையிலிருந்து பின்னல் மிஷின் இறங்கியிருக்கிறதாம், பூட்டிக் கொடுக்க ஒரு வெள்ளைக்காரர் வந்திருக்கிறாராம். பெயர் டேவிஸ். இதைச் சொல்ல அத்தை கிணற்றடிக்குப் போகும்வரை காத்திருந்தான்.

"இங்கிலீஷ்காரர்னு சொன்னா கோவிச்சுக்கறாருங்கண்ணி. வேல்ஸ்ங்கறாரு. பர்மாச் சண்டையில இருந்தவராமுங்க."

கையில் இருந்த உப்பு ஜாடியைக் கீழே வைத்தேன்.

"பட்டாளத்துல ஆயிரக்கணக்குல ஆளுங்க. ஒண்ணும் தெரியாமப் போகலாம்" என்றான். அவனேதான், "ஞாயித்துக்கெழம கம்பெனி லீவு. வர்றீங்களா?" என்றும் கேட்டான்.

போன மாதம்தான் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் குடியிருக்கும் பக்கம் போயிருந்தேன். அவர் அடையாளம் சொல்லிக் கேட்டதற்கு, ரங்கூனில் இப்படி ஒருவர் மோட்டார் கடை வைத்திருந்தார், கோயமுத்தூர்ப் பேச்சு, பர்மாக்காரப் பெண்டாட்டி என்றாள் ஒருத்தி. அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. கோபம் இல்லை. வேறொருத்தியோடு இருந்தாலும் இருக்கட்டும், இருந்தால் போதும் என்று நினைத்தேன். இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன்.

தை 10, ஞாயிறு

போய் வந்தேன். எழுதிவிட வேண்டும். நாளைக்கு வார்த்தைகள் மாறிவிடும்.

மிஷின் ஓடாத கம்பெனி. எண்ணெய் வாசம், பஞ்சுத் தூசி. டேவிஸுக்கு நாற்பது இருக்கும், அதற்குள் தலை வெளுத்துவிட்டது. என்னைக் கண்டதும் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார். எனக்குக் கொஞ்சம் புரிந்தது. புரியாததைச் சண்முகம் சொன்னான்.

அவர் ஊரில் எல்லாரும் நிலக்கரிச் சுரங்கத்து ஆட்கள். அவரும் அவர் அண்ணனும் ஒரே ரெஜிமெண்டில் சேர்ந்தார்கள், பட்டாலியன் மட்டும் வேறு. அண்ணனுடையது பிரான்ஸுக்குப் போயிற்று. அண்ணன் அங்கேயே அடங்கிவிட்டார். பெயர் வெட்டிய கல் இருக்கிறது, அம்மா போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். இவருடைய பட்டாலியன் கப்பலில் பம்பாய் வந்தது. பிறகு பர்மாக் காடு. மழை, அட்டை, மலேரியா. குண்டு பட்டவர்களைவிடக் காய்ச்சலில் விழுந்தவர்கள் அதிகம். மலையெல்லாம் நடந்து கடைசியில் ஐராவதி.

"ஆறுன்னே சொல்ல முடியாதாமுங்க. அக்கரை மணலு கோடு மாதிரித் தெரியுமாம்" என்றான் சண்முகம். நான் பார்த்ததெல்லாம் நொய்யல்.

வேல்ஸ் பட்டாளத்தை ஆறு கடத்தியது மெட்ராஸ் பட்டாளத்து ஆட்கள். மோட்டார் வைத்த படகு. விடிகிற நேரம்.

"அவங்களுக்கெல்லாம் பத்தொம்பது, இருவது வயசாமுங்க. பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. படகுல கால் வெக்கவே நடுக்கம். படகோட்டி ஒவ்வொருத்தரா கையப் புடிச்சு ஏத்தினாராம்."

அப்போது டேவிஸ் ஏதோ சொன்னார். விளங்கவில்லை. திரும்பவும் சொன்னார்.

"வா கனூ. வா, வா கனூ."

சண்முகத்தின் முகம் மாறிவிட்டது.

கனூ என்றால் அவர்கள் பாஷையில் சின்னப் படகாம். படகில் ஏறு என்கிறார் என்று நினைத்துக்கொண்டார்களாம். "அதுதானே அர்த்தம்?" என்று என்னைக் கேட்டார்.

சண்முகம் தலையைத் திருப்பிக்கொண்டான். என் பள்ளிக்கூட இங்கிலீஷில் நானே சொன்னேன். படகு இல்லை. கண். பெற்ற பிள்ளைகளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

அவர் பக்கத்திலிருந்த பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

கோயமுத்தூர்ப் பக்கத்தில் எத்தனையோ பேர் பட்டாளத்துக்குப் போனார்கள், எல்லாரும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெயர் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது. நானே சொன்னேன், பழனிச்சாமி. கல்யாணமான நாளிலிருந்து வாய்விட்டு அந்தப் பெயரைச் சொன்னது இன்றுதான். அவர் தலையை ஆட்டினார். யாரும் பெயர் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும் என்றார்.

பிறகு இடது கையை நீட்டி மோதிர விரலைப் பாதிக்கு மடக்கிக் காட்டினார். தன்னைப் பிடித்துத் தூக்கிய கை அப்படி இருந்ததாம்.

மில்லில் பெல்ட்டில் மாட்டிப் போன விரல். தாலி கட்டும்போது முடிச்சுப் போட அதனால்தான் தடுமாறினார்.

மற்றதைச் சீக்கிரம் எழுதுகிறேன். பலமுறை போய் வந்த படகு. டேவிஸ் ஏறிய தடவை நடு ஆற்றில் மோட்டார் நின்றுவிட்டது. அக்கரை மேட்டிலிருந்து ஜப்பான்காரர்கள் சுட்டார்கள். பையன்கள் எல்லாரும் படகுக்குள் படுத்துக்கொண்டார்கள். மோட்டார்க் கயிற்றை இழுக்க ஒருவர் எழுந்து நிற்க வேண்டும். எழுந்து நின்றார். இழுத்தார். மோட்டார் பிடித்துக்கொண்டது. அவர் தண்ணீரில் விழுந்தார். படகு முன்னால் போய்விட்டது. திரும்பிப் பார்த்தபோது ஆறு மட்டும் இருந்ததாம்.

உடல் கிடைக்காதவர்களின் பெயரை ரங்கூன் பக்கம் ஒரு தூணில் வெட்டியிருக்கிறார்களாம். அதில் இருக்கும் என்றார்.

மகளைப் பார்க்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வெள்ளைக்காரர் வந்தால் தெருவே காரணம் கேட்கும்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த சண்முகம் வழியில் நின்று, ஹேண்டில்மேல் தலையைச் சாய்த்து அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. தண்ணீர் குளிர்ந்திருக்குமா என்று மட்டும் நினைத்தேன்.

தை 11, திங்கள்

வகுப்பில் வாய்ப்பாடு. ஒரு குழந்தை, "டீச்சர், ரெண்டு தடவ சொல்லீட்டீங்க" என்றது.

சண்முகம் பள்ளி வாசலுக்கே வந்துவிட்டான். "அண்ணி, கல்யாணம் முடியட்டுங்க. நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்."

இப்போது சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். முதலில் எனக்குச் சடங்கு. வளையல், பொட்டு, தாலி. வருஷம் திரும்பும்வரை இந்த வீட்டில் நல்ல காரியம் கிடையாது. சம்பந்தி நல்லவர், ஆனால் பங்காளிகள் இருக்கிறார்கள். கல்யாணம் நடந்தாலும் நான் மணவறைப் பக்கம் போகக் கூடாது. என் மகள் கழுத்தில் தாலி ஏறுவதை நான் பார்க்கக் கூடாது.

சொல்லாவிட்டால்? நானே சுமங்கலி மாதிரி ஆசீர்வாதம் செய்ய வேண்டும். மூடநம்பிக்கை என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள். எனக்கே பயம். சரோஜாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

தை 14, வியாழன்

பத்திரிகை அச்சாகி வந்தது. அவர் பெயருக்கு முன்னால் ஒன்றும் இல்லை. மஞ்சள் தடவினோம். சரோஜா அந்தப் பெயரை விரலால் தடவிவிட்டு, "அப்பா கல்யாணத்துக்கு வந்தா என்னைக் கண்டுபுடிப்பாருங்களாம்மா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பாத்திரம் கழுவ எழுந்துவிட்டேன்.

அத்தை சாப்பிடும்போது:

"ஞாயித்துக்கெழம கம்பெனிக்குப் போனியாம்? பூக்கடைக்காரி சொன்னா."

"ஆமாங்கத்தை. புது மிஷினு பாக்கப் போனேனுங்க."

"ஓ" என்றாள். மோர் கேட்டாள். ஊற்றினேன்.

டேவிஸ் நேற்றுப் புறப்பட்டுவிட்டாராம். சண்முகத்திடம் சரோஜாவுக்கென்று ஒரு கம்பளிச் சால்வை கொடுத்திருக்கிறார். கம்பெனி முதலாளி கொடுத்தது என்று சொல்லிவைத்தோம்.

தை 20, புதன்

பந்தக்கால், வாழைமரம் ஆயிற்று. சமையல்காரர் விறகு போதாது என்கிறார். உறவுகள் வந்து இறங்குகிறார்கள். வந்தவர்கள் எல்லாரும் என் கழுத்தைப் பார்ப்பதுபோல் இருக்கிறது.

சரோஜாவுக்கு மருதாணி. தூங்குகிறாள். நெற்றி அவருடையது.

தை 21, வியாழன்

முடிந்தது. கால் வீங்கியிருக்கிறது. சாம்பாரில் உப்புக் கொஞ்சம் கூடுதல், மற்றபடி குறையில்லை.

தாரை வார்த்தது சண்முகமும் அவன் மனைவியும். தாலித் தட்டு ஒவ்வொரு சுமங்கலியாகச் சுற்றி வந்தது. என் முன்னால் வந்ததும் கையை இழுத்துக்கொண்டேன். தட்டைப் பிடித்திருந்த பெண், "தொடுங்கக்கா, நேரமாகுது" என்றாள். தொட்டேன். மனதுக்குள், நீங்களும் தொட்டுக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொன்னேன். அவ்வளவுதான் வந்தது.

மேளம் கொட்டும்போது அடக்க முடியவில்லை. பதினொரு நாள் அழுகையும் சேர்ந்து வந்தது. "பெத்தவளுக்கு இருக்காதா பின்னே" என்று யாரோ முதுகைத் தடவினார்கள். நல்லதாகப் போயிற்று.

அத்தை கல்யாணம் முழுக்கப் பின்னால் அரிசி மூட்டை அறையில்தான் இருந்தாள். கைம்பெண் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவளாகவே போய் உட்கார்ந்துகொள்வாள்.

தை 24, ஞாயிறு

வெயில் ஏறிவிட்டது. பாய், ஜமுக்காளம் திருப்பிக் கொடுத்தாயிற்று. சரோஜாவும் மாப்பிள்ளையும் மறுவீடு முடிந்து அவிநாசி பஸ் ஏறினார்கள். வீட்டில் அத்தையும் நானும்.

இன்று சொல்லிவிடுவது என்று இருந்தேன். பெற்றவளுக்குத் தெரிய வேண்டும். சாப்பிட்ட பிறகு பக்கத்தில் உட்கார்ந்தேன். "அத்தை, அந்த வெள்ளைக்காரரு..." என்று தொடங்கினேன்.

"தெரியும்" என்றாள்.

நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன்.

"சம்பளம் வந்த அன்னைக்கே தெரியும் கண்ணு. செத்தவனுக்குத்தான் அந்தச் சம்பளம்னு தபால்காரரு அப்பவே எங்கிட்டச் சொல்லீட்டாரு."

பிறகு எதற்கு என்று கேட்டேன். முருகன் பட்டாளம், அது இது என்று ஊரெல்லாம் எதற்குச் சொன்னீர்கள் என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"எனக்குப் பத்தொம்பது வயசுல தாலி அறுத்தாங்க. என்ற மகன் கல்யாணத்துல நானு மேளச் சத்தம் மட்டுந்தான் கேட்டேன். உன்ற கழுத்துல தாலி ஏறுனத நாம் பாக்கல. கைக்கொழந்தையோட நீ நின்னியா... உனக்கும் அப்படி ஆகக் கூடாதுன்னு நெனைச்சேன். பொய்யின்னா பொய்யி."

"உங்களுக்கு அழத் தோணலீங்களா?"

"அழுதா ஊருக்குத் தெரிஞ்சு போயிருமல்ல."

என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "நானு சாகற வரைக்கும் இப்படியே இரு. அப்பறம் உன்ற இஷ்டம்."

சரிங்க என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "எப்படிப் போனானாம்?" என்று கேட்டாள். ஆறு, படகு, மோட்டார், எல்லாம் சொன்னேன். இமைக்காமல் கேட்டாள். எழுந்து நின்றதைச் சொன்னபோது அவளும் கொஞ்சம் நிமிர்ந்தாள்.

"அந்தப் பசங்க அக்கரை போய்ச் சேந்தாங்களா?"

"சேந்தாங்கத்தை. அதுல ஒருத்தருதான் வந்து சொன்னாரு."

கதவைச் சாத்தச் சொன்னாள். பக்கத்து வீட்டில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்பதற்குள் இரண்டு பேரும் அழுது முடித்தோம்.