பஞ்சுப் பொதிமேல் ஜோயல்

9-10-78, திங்கள்

காலையிலிருந்து தூறல். மேற்கே மலை தெரியவில்லை. ஜோயலின் துணி ஒன்றும் காயவில்லை. மச்சில் கொடி கட்டிப் போட்டாயிற்று, வீடெல்லாம் புளிச்ச வாடை.

வாங்க வேண்டியது: கிரைப் வாட்டர், ஊக்கு, பேனா மை.

மத்தியானம் தெருவில் பையன்கள் வெடி போட்டார்கள். தீபாவளிக்கு இன்னும் நாள் கிடக்கிறது, அதற்குள். ஜன்னலுக்கு நேர் கீழே ஒன்று. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஜோயல் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். இமைகூட அசையவில்லை.

அம்மா: "நல்ல பிள்ளை. உன்ன மாதிரியா? நீ பூனை நடந்தாலே முழிச்சு ஊரக் கூட்டுவ."

ஏழு மாதத்தில் இப்படி எத்தனை தடவை? யோசிக்க ஆரம்பித்தேன். பாதியில் விட்டேன்.

10-10-78, செவ்வாய்

மழை விட்டது. கடைக்குப் பஞ்சு லாரி. கீழே அப்பாவின் கடை, மேலே நாங்கள். பொதி இறக்கினால் மச்சுப் பலகையெல்லாம் அதிரும். ஜோயல் பலகையில் உட்கார்ந்து மரக்கரண்டியைக் கடித்துக்கொண்டிருந்தான். கீழே பொதி விழுந்தது. திரும்பினான்! இன்னொன்று. மறுபடியும் திரும்பினான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகு பின்னால் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மெதுவாக, கொஞ்சம் சத்தமாக, கடைசியில் கத்தி. கரண்டியைக் கடிக்கிறான்.

ராஜமணி சித்தி அடுத்த வீட்டிலிருந்து வந்தார்: "என்னடி கிரேஸு, பிள்ளைய ஏலம் போடுறியா?"

"கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கிறான் சித்தி."

"அவுக அப்பா மட்டும் பொண்டாட்டி கூப்பிட்டாத் திரும்புறாகளாக்கும்? பிரசவத்துக்கு வந்தவள அழைக்கக்கூட நேரமில்ல. துப்பாக்கியக் கட்டிக்கிட்டு பெங்களூர்ல உக்காந்திருக்காக."

அம்மா சிரித்தார். நானும்.

12-10-78, வியாழன்

தலைவலி. ஜோயலுக்குச் சளி இல்லை, காய்ச்சல் இல்லை. இரண்டு கரண்டி ராகிக் கூழ் சாப்பிட்டான்.

கடைப் போனில் அவருடைய டிரங்க் கால். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புது லேசர் சரியாக வேலை செய்கிறதாம். துணுக்கு தகட்டைத் தொட்ட அதே கணத்தில் சிவப்பு ஒளி அடித்து, படம் துல்லியமாக விழுந்திருக்கிறதாம். "நீ பாக்கணும் கிரேஸ். விளிம்பு சுருண்டு மேல வருது, பூ மாதிரி." இந்த வரிசைச் சோதனை முடிந்ததும் வருகிறாராம்.

லைனில் இரைச்சல். கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. கடையில் கணக்குப்பிள்ளை, வியாபாரிகள். அதனால் ஜோயலைப் பற்றிச் சொல்லவில்லை.

படம் படிப்பதுதான் அவருடைய பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் என் வேலையாக இருந்தது. வாயு அழுத்தத்தில் குழாய்க்குள் பாய்ந்து வரும் சின்ன எஃகுத் துணுக்கு, எதிரே அலுமினியத் தகடு. வெடிப்பது பக்கத்து அறையில். படம் கழுவி வந்ததும் உருப்பெருக்கியில் வைத்துத் தகடு வீங்குவதை, கிழிவதை, சிதறுவதை அளப்பேன். நூற்றுக்கணக்கான படங்கள். எதிலும் சத்தம் கிடையாது.

இவனுக்கு எல்லாமே அப்படித்தானா?

இதை எழுதியிருக்கக் கூடாது.

15-10-78, ஞாயிறு

வெயில். கோவிலில் கூட்டம். பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது ஜோயல் திடுக்கிட்டுச் சுற்றிப் பார்த்தான். அம்மா என் முழங்கையை இடித்து, "பாத்தியா?" என்றார். பெஞ்சுகள் நகர்ந்ததை நான் பார்த்தேன். பாட்டு நடந்த நேரமெல்லாம் அவன் முன் வரிசைக்காரர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆய்வுக்கூடத்தில் அவருடைய பிடிவாதம் ஒன்று உண்டு. தகட்டில் ஒட்டிய உணர்கருவி ஏதாவது காட்டினால் நம்ப மாட்டார். அதன் கம்பியைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை சுடச் சொல்வார். கம்பி இல்லாமலும் திரையில் கோடு துள்ளினால், முதலில் வந்தது தகட்டின் சேதி இல்லை. வேறு எங்கிருந்தோ புகுந்தது. எத்தனை பேருடைய நல்ல முடிவுகள் அப்படிப் போயிருக்கின்றன. என்னுடையதும் ஒன்று.

சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா படுத்தார். அப்பா வெளியே. ஜோயலைத் தூக்கிக்கொண்டு, பின்கட்டில் பொதி அடுக்கும் கிட்டங்கிக்குப் போனேன். கட்டாத தளர்ந்த பொதியில், பஞ்சுக்குள் இடுப்புவரை புதைத்து உட்கார வைத்தேன். எந்த அதிர்வும் அதைத் தாண்டாது. என் நிழல் விழாத பக்கமாய்ப் பின்னால் நின்றேன். இரும்புத் தராசுத் தட்டில் படிக்கல்லால் அடித்தேன்.

பஞ்சைப் பிய்த்து வாயில் வைத்தான்.

மறுபடி. மறுபடி. வாயிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு, மறுபடி.

மேலே கொண்டுவந்து பலகையில் உட்கார வைத்தேன். எட்ட நின்று, வெறும் குதிகாலால் பலகையை அழுத்தி ஒரு மிதி. சத்தமே இல்லை.

உடனே திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

17-10-78, செவ்வாய்

மின்சாரம் இல்லை. மாவாட்டினேன். பால்காரர் வரவில்லை. அம்மாவிடம் சொன்னேன்.

"பெத்த பிள்ளைய யாராச்சும் பஞ்சுல போட்டுப் பரீட்சை வைப்பாகளா? படிச்ச திமிருடி. ஆண்டவர் குடுத்த பிள்ளை. திரும்புறான்ல? அப்புறம் என்ன?"

"பலக ஆடுது, அதான் திரும்புறான்மா."

"ஆடுனா என்ன? திரும்புறான்ல?"

அம்மா மத்தியானம் உபவாசம் இருந்தார். கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார்.

20-10-78, வெள்ளி

விடியற்காலை பஸ்ஸில் அவர் வந்தார். நல்ல மழை, நனைந்து வந்தார். இளைத்திருக்கிறார். ஜோயல் முதலில் அழுது, பிறகு கண்ணாடியைப் பிடித்து இழுத்தான். அப்பா கோழி வாங்கப் போனார். "மாப்பிள்ளை வந்துட்டாகல்ல" என்று தெரு முழுக்க.

பையிலிருந்து படத்தை எடுத்துக் காட்டினார். அழகான படம்தான். அழகாக இருக்கிறது என்றேன். பிறகு சொன்னேன்.

அவர் படத்தைப் பைக்குள் வைத்தார். பிள்ளைக்குப் பின்னால் போய் எவர்சில்வர் வாளியைப் பலகையில் போட்டார். ஜோயல் திரும்பினான். அவர் முகத்தில் என்ன ஒரு வெளிச்சம்!

"கேக்குதே! என்ன கிரேஸ் நீ, என்னயக் கலங்கடிச்சிட்ட!"

"கம்பியக் கழட்டிட்டுச் சுடுங்க" என்றேன்.

முகம் போன விதத்தைப் பார்த்திருக்கக் கூடாது நான்.

21-10-78, சனி

கிட்டங்கி. அவர் கேட்டுத்தான் போனோம். பொதி, பஞ்சு, தராசுத் தட்டு எல்லாம் அதேபோல. இந்த முறை நான் முன்னால் உட்கார்ந்து ஜோயலின் கண்ணை மட்டும் கவனித்தேன். அவர் பின்னால் நின்று அடித்தார்.

ஒவ்வொரு அடிக்கும் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன், இல்லை என்று. இடப்பக்கம். வலப்பக்கம். கிட்டத்தில். தேவைக்கு மேலேயே ஆயிற்று. "போதும்" என்றேன். நிறுத்தவில்லை.

சத்தம் கேட்டு முன்கடையிலிருந்து அப்பா ஓடி வந்தார். "என்ன மாப்பிள்ளை இது, பிள்ளை பயந்துறப் போறான்!"

"பயப்பட மாட்டான் மாமா."

அப்பா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஜோயல் அப்பாவைக் கண்டதும் கையை நீட்டினான். அப்பா அவனை வாங்கி, காதுக்குள் ஏதோ சொன்னார். இன்னொரு காதிலும் சொன்னார். பிறகு பொதியின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அடித்துக்கொண்டிருந்த தராசுத் தட்டை அவரே கொண்டுபோய்ச் சங்கிலியில் மாட்டினார். மாட்ட வெகு நேரம் பிடித்தது.

22-10-78, ஞாயிறு

வானம் மூட்டம். கோவிலுக்கு அம்மா மட்டும் போனார். நாளை மதுரை, காது டாக்டர். எடுத்து வைத்தவை: துணி, பிளாஸ்க், கிலுகிலுப்பை. கிலுகிலுப்பையை எடுத்து வெளியே வைத்தேன். பிறகு உள்ளேயே போட்டேன். அவனுக்கு அதன் நிறம் பிடிக்கும்.

வயிற்றில் இருந்தபோது ஆறாம் மாதம்வரை படம் படித்தேனே, அந்த வெடிச் சத்தமா என்று அவரிடம் கேட்டேன்.

"நீ கன் ரூமுக்கே வந்ததில்ல."

"நடுவுல ஒரு சுவர்தான."

"தெரியல கிரேஸ்." அவர் வாயிலிருந்து இந்தச் சொல்லை நான் அதிகம் கேட்டதில்லை. "டாக்டர்ட்டக் கேப்போம். நீ மட்டும் உள்ளுக்குள்ள வச்சுக்காத. சுட்டது நான்."

சித்தி வந்தார். கேலி ஒன்றும் இல்லை. ஜோயலை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். சித்தி சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

அம்மா கோவிலிலிருந்து வந்ததும் ஜோயலுக்கு வெந்நீர் போட்டார். அவனைக் குளிப்பாட்டும்போது வழக்கமான பாட்டை ஆரம்பித்தார். பாதியில் குரல் நின்றது. தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும்.

எல்லோரும் படுத்தாயிற்று. பால் கொடுத்தேன். எப்போதும் பால் கொடுக்கும்போது ஏதாவது பேசிக்கொண்டே இருப்பேன், காக்கா வந்தது, அப்பா வந்தார், இப்படி. இன்றைக்குப் பேசவில்லை. யாருக்காக?

குடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். என் வாயைப் பார்த்தான். காத்திருந்தான். விரலைக் கொண்டுவந்து உதட்டைத் தட்டினான், கதவைத் தட்டுகிற மாதிரி.

பேசினேன்.