பதினான்காம் கருத்து

கோப்புப் பெட்டியைத் திறந்ததும் மருந்து எண்ணெய் வாசனை அடித்தது. தாதியர் சங்க அலுவலகத்துப் பத்மா அக்கா தலைவலிக்குத் தேய்த்துக்கொள்கிற எண்ணெய் அது. வேறு மர்மம் ஒன்றும் இல்லை. ஆனால் என் மூக்குக்கு அவ்வளவு படிப்பு கிடையாது. அது உன்னைத்தான் நினைத்துக்கொண்டது. நீயும் அந்தப் பச்சைப் புட்டி இல்லாமல் வெளியே கிளம்பியதில்லை. பெட்டியின் அடியில், துருப்பிடித்த கிளிப்பில் மாட்டியிருந்த ஒரு தாளில் உன் கையெழுத்தையும் பார்த்தேன். உடனே அழுகை வந்தது. பிறகு படித்தேன். அழுகை நின்றுவிட்டது.

நீ போய் ஒரு வருடம் ஆகிறது. பிரிக்பீல்ட்ஸ் மாதா கோயிலில் உன் அடக்கப் பூசை முடிந்ததும் உன்னைப் பற்றிப் பேச என்னைத்தான் முன்னால் அழைத்தார்கள். தாதிப் பள்ளி விடுதியில் இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து நாம் முட்டை பொரித்த கதையைச் சொன்னேன். பாதிரியார்கூடச் சிரித்தார். “முப்பது வருடத்தில் அவள் என்னிடம் மறைத்தது ஒன்றே ஒன்றுதான், அவளுடைய எடை” என்று சொல்லி முடித்தேன். அந்த வரியைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஏதாவது வழி இருக்கிறதா என்று இப்போது யோசிக்கிறேன்.

பெட்டி என்னிடம் வந்தது என் தகுதியால் அல்ல. சங்கம் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கை ஒவ்வொன்றையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுத்து, இன்னும் செல்லுமா என்று பார்க்க வேண்டும். நாம் எழுதிய அறிக்கையின் முறை வந்தது. “யார் பொறுப்பு எடுக்கிறீங்க?” என்று செயற்குழுவில் தலைவி கேட்டதும் எல்லோரும் குனிந்து கைப்பேசியைப் பார்த்தார்கள். நான் ஒருத்திதான் கறிபாப் பலகாரத்தைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். முடிந்தது கதை.

அந்த அறிக்கை எங்கே பிறந்தது என்பது நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும். உன் சிவப்புக் காரில், கூட்டரசு நெடுஞ்சாலையில், சுங்கை வே பக்கம் ஒரு பிற்பகல் நெரிசலில். முந்தைய நாள் காலைப் பணி முடிந்து நான் கிளம்பும் நேரத்தில் ஒருத்தி எம்.சி. என்று மருத்துவ விடுப்பு எடுத்துவிட, மாலைப் பணியையும் என் தலையில் கட்டினார்கள். பதின்மூன்றாவது மணி நேரத்தில், ஐந்தாம் கட்டிலுக்குப் போக வேண்டிய இன்சுலினை ஆறாம் கட்டில் அங்கிளின் வயிற்றருகே கொண்டுபோய்விட்டேன். “மிஸ்ஸி, எனக்கு இனிப்பு நீர் கிடையாதேம்மா” என்று அவர் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை முழுதாக யோசித்துப் பார்த்ததில்லை. “சும்மா அங்கிள், முழிச்சிருக்கீங்களான்னு பாத்தேன்” என்று சமாளித்தேன். அவர் சிரித்தார். நான் கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். மேலிடத்துக்கு எழுதித் தர வேண்டும் என்பது விதி. எழுதித் தரவில்லை.

உன்னிடம் மட்டும் சொன்னேன். கியரில் இருந்த கையை எடுத்து என் கையைப் பிடித்துக்கொண்டாய். “வாய மூடிக்கிட்டு இரு. இது இந்தக் கார விட்டு இறங்காது” என்றாய். பின்னால் ஒரு லோரிக்காரன் ஹார்ன் அடித்தான். “அடிச்சிக்கோ லா, முன்னால என்ன ரன்வேயா இருக்கு?” என்று கண்ணாடியைப் பார்த்துத் திட்டிவிட்டு, “ராஜி, இது உன் தப்பு இல்லடி. இதுக்கு நாம ஒண்ணு செய்யணும்” என்றாய்.

செய்தோம். தொடர் பணி பற்றிச் சங்கத்துக்கு ஒரு நிலைப்பாடு வேண்டும் என்று நீதான் செயற்குழுவுக்கு எழுதிப் போட்டாய். அவர்கள் ஒப்புக்கொண்டு ஒரு வரைவுக் குழு அமைத்தார்கள். குழுவில் ஐந்து பேர். வேலை செய்தது இரண்டு பேர். சேரும்போதே சொந்த நலன் ஏதும் உண்டா என்று கேட்டு ஒரு படிவம் தந்தார்கள். நான் “சாப்பாடு” என்று எழுதிப் பத்மா அக்காவிடம் திட்டு வாங்கினேன். நீ “இல்லை” என்று எழுதினாய். அப்போது அது உண்மைதான்.

பிறகு எத்தனை சனிக்கிழமைகள். நான் கிள்ளானிலிருந்து ரயிலில் வருவேன். நீ பிரிக்பீல்ட்ஸ் தோசைக் கடையில் மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்து வைத்திருப்பாய். கட்டுரைகளைப் படித்து, எது நம்பத்தக்கது, எது சும்மா காகிதம் என்று நீ பிரித்துப் போடுவாய். நான் எழுதுவேன். நான் வேடிக்கையாக எழுதியதையெல்லாம் நீ அடிப்பாய். “இது சங்கத்துப் பேப்பர்டி, உன் கல்யாண வீட்டுப் பேச்சு இல்ல.” பதினோரு பக்கம் வந்தது. அதில் பத்தரைப் பக்கம் யாரும் சண்டை போடாத நல்ல வார்த்தைகள். ஒரே ஒரு விதிதான் உயிர்: ஒரு பணிமுறையை முடித்த தாதி அடுத்ததைத் தொடர மறுக்கலாம், மறுத்ததற்காக அவருடைய ஆண்டு மதிப்பீட்டில் கை வைக்கக் கூடாது. அதை எழுதி முடித்த அன்று நீ இன்னொரு நெய்த்தோசை சொன்னாய், எனக்கு.

வரைவு கிளைகளுக்குப் போனது. ஒரு மாதம் அவகாசம். உறுப்பினர் யார் வேண்டுமானாலும் கருத்துப் படிவம் அனுப்பலாம். அந்த மாதத்தில்தான் நீ புது மருத்துவமனைக்கு மாறி வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் ஆனாய். பணி அட்டவணை போடுவது உன் வேலையாயிற்று. நான் கேக் வாங்கி வந்தேன். “இனிமே எம்.சி. எடுக்கிறவள எல்லாம் கனவுலயும் திட்டணும் போல” என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். அதில் சிரிக்க என்ன இருந்தது என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

வந்த கருத்துகளைப் பத்மா அக்கா ஓர் அட்டவணையாகத் தட்டச்சு செய்து தந்தார். முதல் பத்தியில் எண். இரண்டாவதில் கருத்தின் சுருக்கம். மூன்றாவது நாம் பதில் எழுத. அதில் யார் பெயரும் இருக்காது. ஆளைப் பார்த்துப் பதில் சொல்லக் கூடாது என்பது சங்கத்தின் வழக்கம். ஒரு கருத்தைக்கூடப் பதில் இல்லாமல் விடவும் கூடாது. ஏற்றால் அறிக்கையை மாற்ற வேண்டும், மறுத்தால் காரணம் எழுத வேண்டும்.

பதினான்காம் எண்ணில் இப்படி இருந்தது: “தவறுகளுக்குக் காரணம் களைப்பு அல்ல, தனிநபரின் கவனக்குறைவு. நேரடியாக அறிந்தது. மறுக்கும் விதியை நீக்கவும்.”

தோசையை விட்டுவிட்டு அந்த வரியை இன்னொரு முறை படித்தேன்.

“இது யாரோ பெரிய மேட்ரனா இருக்கும்” என்றேன்.

நீ பாலில்லாத தே ஓவைக் கலக்கிக்கொண்டிருந்தாய். “இருக்கும்.”

“என்னையே பாத்து எழுதின மாதிரி இருக்குடி.”

“எல்லாமே உன்னைப் பத்தின்னு நினைச்சிக்காத லா. ஏத்துக்கிட்டோம்னு போட்டுட்டு அடுத்ததுக்குப் போ. இந்த ஒரு வரிக்காக மொத்தப் பேப்பரும் நின்னுடும்.”

மறுத்துக் காரணம் எழுதலாம்தான். ஆனால் என்னிடம் இருந்த ஒரே காரணம் ஆறாம் கட்டிலில் படுத்திருந்தது. அதைக் கிளறினால் யார் அந்தத் தாதி என்று தேடத் தொடங்குவார்கள் என்று பயந்தேன். மூன்றாவது பத்தியில் “ஏற்கப்பட்டது” என்று என் கையாலேயே எழுதினேன். அறிக்கையில் அந்த விதியை அடித்தேன். செயற்குழுவில் எல்லாக் கைகளும் உயர்ந்து அறிக்கை நிறைவேறியது. படம் எடுத்துக்கொண்டோம். படத்தில் நீ என் தோளில் கை போட்டிருக்கிறாய்.

அந்த அறிக்கையை இன்று பல மருத்துவமனைகள் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கின்றன. மாட்டத்தானே செய்வார்கள், அதில்தான் ஒன்றும் இல்லையே. காப்பார் பக்கத்துக் கக் ரோஸ்னா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரண்டாவது பணியை மறுத்ததற்காக மதிப்பெண் வெட்டப்பட்டு, சங்கம் காப்பாற்றும் என்று நம் அறிக்கையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பதினோரு பக்கத்தையும் இரண்டு முறை புரட்டினேன். அவளுக்குக் காட்ட ஒரு வரி இல்லை. அன்று மாலை உனக்குத்தான் போன் செய்து அந்த முகம் தெரியாத மேட்ரனை அரை மணி நேரம் சபித்தேன். நீ பொறுமையாகக் கேட்டாய். “விடுடி, பாவம் அவங்களுக்கு என்ன கஷ்டமோ” என்றுகூடச் சொன்னாய்.

பெட்டியின் அடியில் இருந்தது அந்தப் பதினான்காம் படிவத்தின் மூலப் பிரதி. கிள்ளான் கிளை வழியாக வந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தாய், தமிழில் சொன்னால் இப்படி வரும்: “எனக்கு நன்கு தெரிந்த தாதி ஒருவர் தொடர் பணியில் இன்சுலினை ஆள் மாற்றிக் கொடுக்கப் போனார். காரணம் களைப்பு அல்ல. அவர் எப்போதுமே விளையாட்டுத்தனமானவர். இப்படிப்பட்டவர்களுக்காக வார்டுகள் ஆளில்லாமல் நிற்க முடியாது.” கீழே உன் கையொப்பம்.

இன்சுலினைப் பற்றி எழுதியதைக்கூட ஒருவேளை தாங்கியிருப்பேன். புதுப் பொறுப்பு, அட்டவணையில் ஓட்டை, மேலிருந்து நெருக்கடி என்று உனக்காக நானே வக்கீல் வைத்து வாதாடியிருப்பேன். விளையாட்டுத்தனம் என்றாயே, அதுதான். உன் தகப்பனார் படுக்கையில் இருந்தபோது தினமும் வந்து உன்னைச் சிரிக்க வைத்தது அந்த விளையாட்டுத்தனம்தான். அது நோய் என்று உனக்குப் பட்டிருந்தால் அப்போதே சொல்லியிருக்கலாம்.

படிவத்தைத் தூக்கிக்கொண்டு பத்மா அக்காவிடம் போனேன்.

“இதைச் சுருக்கினது நீங்கதானே. அப்பவே பாத்தீங்கள்ல?”

“பாத்தேன்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா.”

“பேரைச் சொல்றது என் வேலையில்ல லா. நம்பர் போடுறதுதான் என் வேலை.” கொஞ்ச நேரம் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நீங்க ஏத்துக்கிட்டோம்னு எழுதினீங்க. சரி, ரெண்டு பேரும் பேசிக்கிட்டுத்தான் பண்றீங்கன்னு நினைச்சேன்” என்றார்.

வரைவுக் குழுவில் இருப்பவரே வெளியாள் போலக் கருத்து அனுப்பக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. அப்படி ஒன்று தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. இந்தச் சுற்றில் சேர்த்திருக்கிறோம். சங்கத்தின் நடைமுறையில் உனக்கென்று ஒரு விதி இருக்கிறது, சந்தோஷப்படு.

போன வாரம் செயற்குழு கூடியது. நீக்கிய விதியைத் திரும்பச் சேர்த்துக் கிளைகளுக்கு அனுப்ப வேண்டும் என்றேன். ஆதாரம் என்ன என்று தலைவி கேட்டார். நான் எழுந்து, “ஆதாரம் நான்தான், எடை கொஞ்சம் அதிகம்” என்று தொடங்கினேன். வழக்கம்போல எல்லோரும் சிரித்தார்கள். ஐந்தாம் கட்டிலையும் ஆறாம் கட்டிலையும் சொன்னேன். அதற்கும் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்து முடியட்டும் என்று காத்திருந்தேன். அப்படிக் காத்திருப்பது எனக்குப் பழக்கமில்லை.

இப்போது செயற்குழுவில் இருக்கும் கக் ரோஸ்னாதான் முதலில் கேட்டாள், “பெதுல் கா, கக்?” உண்மையா அக்கா என்று, மலாயில்.

“உண்மைதான்” என்றேன்.

“பேரை எடுத்திடலாம் ராஜி, நம்பர் மட்டும் போதும்” என்றார் தலைவி மெதுவாக.

“வேணாங்க. நம்பர் போட்டு ஒரு தடவ நல்லா அனுபவிச்சாச்சு.”

கைகள் உயர்ந்தன. விதி கிளைகளுக்குப் போயிருக்கிறது, என் பெயரோடு. யாரோ அன்றே ஊதிவிட்டார்கள். என் மருத்துவமனை விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறது. ஓய்வுக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. எழுதித்தான் ஆக வேண்டும். இந்த முறை வேடிக்கையை அடிக்க நீ இல்லை, நானே அடித்துக்கொள்கிறேன்.

கூட்டம் முடிந்து பையை எடுத்தபோது பத்மா அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கதை கேட்பதில் அவர் எனக்குச் சற்றும் சளைத்தவர் அல்ல. “அந்தம்மாவைப் பத்தி இன்னும் என்னென்ன இருக்கு? சொல்லுங்களேன், மனசு ஆறும்” என்றார்.

என்னிடம் இருக்கிறதுதான், ஏழெட்டு. உன் வீட்டுக்காரருக்குத் தெரியாதது ஒன்று. உன் மகனுக்கு எந்தக் காலத்திலும் தெரியக் கூடாதது ஒன்று. இறுதித் தேர்வு முடிந்து விடுதியின் பின்படிக்கட்டில் உட்கார்ந்து நீ அழுதுகொண்டே சொன்னது ஒன்று. பிரிக்பீல்ட்ஸிலிருந்து காப்பார்வரை யார் வீட்டில் என்ன சங்கதி என்று கூசாமல் அவிழ்க்கிற வாய் இது. திறந்தேன். உன்மேல் எனக்கு இருக்கிற ஆத்திரத்துக்கு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டியிருக்க வேண்டும்.

“ஒண்ணும் இல்லக்கா” என்றேன்.

கிள்ளான் வரும்வரை ரயிலில் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்றைக்கூட எந்த ஸ்டேஷனிலும் இறக்கிவிட முடியவில்லை.