உங்களை அவர்கள் பாடவில்லை

சேலம்,
24-7-1943

மதிப்பிற்குரிய தங்களுக்கு, மனைவி சாரதாமணி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே நலமா என்று கேட்பது வழக்கம், கேட்டுவிட்டேன்.

போன மாதம் உதவிச் சங்கத்தார் ஓர் அட்டை கொடுத்தார்கள். சிங்கப்பூர் விழுந்தபோது காணாமல் போனவர்கள் சிறைமுகாம்களில் இருந்தால், ஒருவேளை அவர்களுக்குப் போய்ச் சேரும் என்றார்கள். இருபத்தைந்து சொற்களுக்கு மேல் கூடாது; ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். நான் நலம், வீடு நலம், பள்ளிக்கூடம் நடக்கிறது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த குமாஸ்தா, "இன்னும் இடம் இருக்குதுங்களே, வேறொண்ணும் எழுதலீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எழுத வேண்டியது எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது. அதனால் இது. அனுப்பக்கூடிய கடிதம் அல்ல. நீங்கள் வரும்போது உங்கள் மேசை மேல் இருக்கும்.

மண்ணெண்ணெய் அளவாகத்தான் கிடைக்கிறது. அரிசிக்கு வரிசையில் நிற்பதைவிடக் கம்பஞ்சோறு மேல் என்று பழகிவிட்டேன். உங்கள் மருத்துவப் புத்தகங்களில் இரண்டைக் கரையான் அரித்துவிட்டது. மற்றவற்றை வெயிலில் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். மழை பெய்தால் உங்கள் அறையில் ஒழுகுகிறது. ஓடு மாற்ற ஆள் வந்தபோது, நீங்கள் இருந்தால் ஏணியைப் பிடித்துக்கொண்டு அவனுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்தேன். நான் யோசனை எதுவும் சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ, இன்னும் ஒழுகுகிறது.

பள்ளியில் இந்த மாதம் ஒன்பதாம் வகுப்புக்குப் போர்க்களப் பாட்டு நடத்தினேன். நாம் சண்டை போட்ட அதே விஷயம்தான். போர்க்களத்தை நெற்களமாகப் பாடுவது: வெட்டுண்டவர்கள் கதிர், குவிந்த உடல்கள் கட்டு, மிதிக்கும் யானைகள் எருது, பேய்கள் வந்து பொலி தூற்றும். பிணத்தை நெல்லாக்கி அரசனுக்குப் பரிசில் கேட்கிற வித்தை இது என்று நான் சொன்னேன். அன்று நீங்கள் அறுவைச் சிகிச்சை முடித்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தீர்கள். "உவமை என்பது கையுறை மாதிரி. சிலவற்றை வெறுங்கையால் தொட முடியாது" என்றீர்கள். கையுறை போட்டவனுக்குச் சூடு தெரியாது என்று பதில் சொன்னேன். நீங்கள் சிரித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தீர்கள். அந்தப் பேச்சு முடியாமலே நிற்கிறது.

இனி, எழுதக் கை தயங்கும் செய்தி. அத்தாயியின் மகன் சென்னியப்பன் இறந்துவிட்டான். மல்லசமுத்திரத்தில் நம் நிலத்துக்கு அடுத்த காட்டு அத்தாயிதான். வயது தாண்டிவிட்டது என்று ஒரு தடவை திருப்பி அனுப்பியும் கேளாமல் நீங்கள் பட்டாளத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினீர்களே, அன்று "ஐயா போற எடத்துக்கு நானும் வாரேனுங்க" என்று உங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வார்டு ஆளாகக் கூடவே வந்தவன். சிங்கப்பூர் சரணடைவதற்கு முன்பே மலேயாவில் ஆஸ்பத்திரி மேல் குண்டு விழுந்து இறந்தான் என்று சர்க்கார் தாள் இப்போதுதான் வந்தது. உங்களைப் பற்றி அதே பழைய சொல்தான், காணவில்லை. அவன் விழுந்தபோது நீங்கள் பக்கத்தில் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் எனக்குத் தெரியாததெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

கரியில் ஓடும் பஸ்ஸில் மல்லசமுத்திரம் போனேன். ஏற்றத்தில் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். அத்தாயி வீட்டு வாசலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் உடல் இல்லை. அவன் ஊரில் விட்டுப்போன சட்டை ஒன்றை மடித்து வைத்திருந்தார்கள். கடலோ குண்டோ எதையும் கண்ணால் பார்த்திராத அத்தாயி பாடினாள்:

கோழிக்குஞ்சு மேயயில – என் சாமி
கொத்த வந்த பருந்தெதுவோ
கல்லெடுத்து ஓட்டறதுக்கு – பெத்தவ நான்
கடல்தாண்டி வரலியே

விமானத் தாக்குதல் என்று பத்திரிகையில் எத்தனையோ முறை படித்துப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். நிழல் ஒன்று தரையில் ஓடி வருவதையும், அதற்குக் கீழே வெள்ளை உடுப்போடு ஆட்கள் சிதறுவதையும், விரட்டக் கல்லெடுக்கக்கூட ஒருவர் இல்லாததையும் இந்த நாலு வரியில் பார்த்தேன். சிதறியவர்களில் உங்களையும் பார்த்தேன். கையுறை போட்டாலும் சூடு தெரிகிறது. அந்தச் சண்டையில் இந்த அளவுக்கு உங்கள் பக்கம் ஒத்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு நான் செய்தது தவறு. இழவு வீட்டில் சுவரோரம் நின்றே பழகியவள் நான். விடுதியில் வளர்ந்தவளுக்கு இந்த முறையெல்லாம் யார் சொல்லித் தந்தார்கள்? அத்தாயியின் துக்கம் தாங்காமல் வட்டத்துக்குள் போய் உட்கார்ந்து அவள் தோளில் கை போட்டேன். வட்டத்தில் உட்காருகிறவள் தன் வீட்டில் செத்தவருக்கு அழ வருகிறாள் என்பது அங்கே வழக்கமாம். பெண்களெல்லாம் என் நெற்றியைப் பார்த்தார்கள். எனக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்த உங்கள் தங்கை குஞ்சம்மாள் என்னை இறுகக் கட்டிக்கொண்டு பாட்டை எடுத்துவிட்டாள்:

வைத்தியம் பாத்த கையி – எங்கண்ணா
வாடி எங்கே கெடக்குதோ

ஒருமுறை செத்தவராகப் பாடிவிட்டால் பாடியதுதான். அடுத்தது பொட்டு, அதற்கடுத்தது தாலி. எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தும் உட்கார்ந்தே இருந்தேன். உள்ளதைச் சொல்வதென்றால், அந்தக் குரலோடு சேர்ந்து அழ வேண்டும் என்று இருந்தது. இந்த ஒன்றரை வருஷத்தில் நான் அழுததில்லை. குஞ்சம்மாளைக் குறை சொல்லாதீர்கள். "எத்தன நாளைக்குங்க அண்ணி, ஊர் வாய்க்குப் பதில் சொல்றது? அழுது தீத்தா நெஞ்சாவது ஆறுமுங்க" என்று அவள் எனக்கு முன்பே சொல்லியிருக்கிறாள். அவளுக்கு நீங்கள் ஒரே அண்ணன்.

குஞ்சம்மாள் அடுத்த அடிக்கு மூச்சு வாங்கினாள். அதற்குள் அத்தாயி குறுக்கே பாடினாள்:

கடல்தாண்டிப் போனவரே – டாக்டரய்யா
காயமாத்தித் திரும்பயில
எம்மகன் கெடக்குமிடம் – ஒருபிடி
மண்ணெடுத்து வாருங்கய்யா

பெண்கள் அத்தாயியைத் திரும்பிப் பார்த்தார்கள். செத்தவரைப் பார்த்து ஏன் போனாய் என்று பாடுவார்கள். எடுத்து வா என்று யாரும் கேட்பதில்லை. அது திரும்பி வருகிறவரிடம் கேட்பது. ஒரு கிழவி முதலில் அந்த அடியை வாங்கிப் பாடினாள், பிறகு எல்லோரும் பாடினார்கள். கடைசியில் குஞ்சம்மாளும் பாடினாள், என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு. அதற்கு மேல் யாராலும் உங்களைச் செத்தவராகப் பாட முடியவில்லை. அவர்கள் பாடி முடித்தது சென்னியப்பனை மட்டும்தான்.

புறப்படும்போது நன்றி சொல்ல அத்தாயியிடம் போனேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போங்க டாக்டரம்மா, எம்பட பையன் எழவுல பங்கு கேட்டாக் குடுத்துருவனாக்கும்?" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "மண்ணு மட்டும் நெசமாலுமே வேணுமுங்க. ஐயாகிட்ட மறக்காம எழுதீருங்க" என்றாள். எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். எந்த முகவரிக்கு என்று அவள் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியெல்லாம் மானாவாரிக் காடு. கடலை முளைத்திருக்கிறது, மழை போதாது. பாட்டு உண்மையைச் சொல்லும் என்று இன்றும் நான் நம்பவில்லை. அத்தாயி கேட்டதனால் நீங்கள் உயிரோடு இருப்பீர்கள் என்று ஆகிவிடாது. இதை வகுப்பில் எந்தப் பெண் கேட்டாலும் இப்படித்தான் பதில் சொல்வேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் சமையலறையிலிருந்து மூடியுள்ள சிறிய பித்தளைச் செம்பு ஒன்றை எடுத்துக் கழுவித் துடைத்து உங்கள் மேசை மேல் வைத்தேன். ஒரு பிடி மண் அதில் கொள்ளும்.

கல்யாணமான நாள் முதல் எனக்கென்று உங்களிடம் எதையும் கேட்டதில்லை என்று நீங்களே குறைப்பட்டிருக்கிறீர்கள். இப்போதும் எனக்காகக் கேட்கவில்லை. அத்தாயிக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்த மண்ணை வேறு யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம், தபாலில் அனுப்ப வேண்டாம். நீங்களே கையில் எடுத்து வாருங்கள்.

தங்கள்
சாரதாமணி