ஹீட்டரைக் கழற்ற மாட்டேன்

பாளையங்கோட்டை

அன்புள்ள அத்தானுக்கு,

போனில் நீங்கள் என்னைப் பேசவிடுவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

மகள் பேறுகாலத்துக்கு வருகிறாள் என்று வெந்நீர் ஹீட்டர் மாட்டச் சொன்னீர்கள். கூடுதல் மின்சாரத்துக்கு அனுமதி வாங்கணும் என்றேன். “அதெல்லாம் என்னத்துக்கு மதினி, தண்ணி சுட்டாப் போதாதா?” என்று உங்கள் தம்பி பழைய வயரிலேயே இணைத்துவிட்டார். அதில்தான் தீப்பிடித்தது.

நாளை இன்சூரன்ஸ்காரர் வருகிறார். ஹீட்டரைக் கழற்றி ஒளித்துவிட்டு, ஃபேனில் பிடித்த தீ என்று சொல்லச் சொல்கிறீர்கள். மாட்டேன். அனுமதி வாங்காமல் மாட்டியது என்றே சொல்வேன். காப்பீடு கிடைக்காவிட்டால் போகட்டும்.

தீப்பிடித்தபோது குளியலறைக்குள் நம் மகள் இருந்தாள். நான்தான் அவளை வெளியே இழுத்தேன். அவளுக்கு ஒன்றுமில்லை.

எழுத்து கோணலாக இருக்கும். கொஞ்ச நாளைக்கு இடது கையால்தான் எழுத வேண்டும்.

உங்கள் வீட்டில் இருப்பவள்